ஓர் இரவுக் குடியும் நமது கைமாற்றும்

மாதம் முழுவதும் மதுவைத் தொடாதவன் சம்பள இரவில் மட்டும் நினைவு தப்பும்வரை குடித்தால், அதைப் பெரிய குற்றமாகச் சொல்லலாமா? கேரி தீவிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடையே அடிக்கடி எழும் பேச்சு இது. “பாவம், உழைக்கிறவன், ஒரு நாள்தானே” என்பர் சிலர். “அது அவர்கள் பாடு, நாம் குடிப்பதுமில்லை, விற்பதுமில்லை” என்பர் வேறு சிலர். இவ்விரு பேச்சும் நியாயமானவைதாமா என்று சற்று யோசிப்போம்.

நமது தீவைக் கடலிலிருந்து காப்பது மண்கரை. வருஷமெல்லாம் மோதும் அலை அதை உடைப்பதில்லை. ஒரு பௌர்ணமிப் பெருக்கு உடைத்துவிடும். உடைந்த பிறகு வருஷத்துக்குச் சராசரி எத்தனை அடி தண்ணீர் என்று கணக்குப் பார்ப்பவன் உண்டா? மனிதனின் ஈரலும் அப்படித்தான். ஒரு சிறு டின் பீரில் உள்ள போதையைக் கழிக்கவே அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்படுத்த வழியில்லை, கோப்பியும் குளிர்ந்த நீரும் உதவா. ஒரே அமர்வில் 60 கிராம் சுத்த ஆல்ககால் உள்ளே போனாலே அது மிதமிஞ்சிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நூற்றுக்கு நாற்பது பங்கு வீரியமுள்ள சாராயத்தில் இது 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. 2019ல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில், குடிப்பவர்களில் சுமார் பாதிப் பேர் இப்படிக் குடிப்பவர்களே என்று தெரிந்தது. ஆகவே “ஒரு நாள்தானே” என்ற சமாதானம் செல்லாது. அந்த ஒரு நாளில்தான் மோட்டார் சைக்கிள் கால்வாயில் விழுகிறது, பிள்ளைகள் முன்னால் தாய் அடிபடுகிறாள்.

மலிவுச் சரக்கின் ஆபத்து வேறு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதைச் சுற்றியும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பிழைப்புத் தேடி இங்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, “தோட்டத்து ஆட்களே இப்படித்தான்” என்று யாரும் இளக்காரம் பேச வேண்டாம். 1941ல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947ல் கெடாவில் பீடோங் பக்கம் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பியவர்களும் தோட்டத் தொழிலாளரே. அன்று கடையை லயத்தின் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தவர்கள் அவர்களல்லர்.

இனி, “நமக்கென்ன” என்ற பேச்சுக்கு வருவோம். மது சம்பந்தமாகப் பத்துப் பேரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸ் உண்டு. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன் என்று வரும் அந்த வரிசையில் குடிப்பவன் ஒருவனே. மற்றவர்களில் பலர் செய்வது நம்மைப்போன்றோரின் தொழில். குடியாதவன் என்பதால் மட்டும் ஒரு வியாபாரி தப்பிவிட்டான் என்று எண்ண இடமில்லை.

அதற்காகச் சோடாவையும் பொரித்த கடலையையும் விற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. சோடா சோடாதான், அப்படித் துருவினால் தீப்பெட்டியும் விற்க முடியாது. நாம் கேட்பது கைமாற்றைப்பற்றி. பற்றைத் தீர்த்துவிட்டுப் போனவன், இரவு ஒன்பது மணிக்கு வாய் நாற்றத்தோடு திரும்பி வந்து, “ஒரு ஐம்பது வெள்ளி கொடுங்க நானா, அடுத்த மாசம் கழிச்சுக்கலாம்” என்கிறான். பணம் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். திரும்பி வரும் என்பதும் தெரியும். சிலர் கொடுத்துவிடுகின்றனர். மறுத்தால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயம் பொய்யல்ல.

“வளர்ந்த ஆணைச் சிறுபிள்ளையாக நடத்துவதா? அவன் உழைத்த காசு” என்று ஒரு நண்பர் வாதிட்டார். நல்ல வாதம்தான். ஆனால் சம்பளம் அவனுடையது. கைமாற்றோ நம்முடைய பெட்டியிலிருந்து போவது. அவன் காசை அவன் செலவழிப்பதைத் தடுக்க நமக்குப் பாத்தியதை இல்லை. நமது காசை எதற்குக் கொடுக்கிறோம் என்பதற்கு நாமே பதில் சொல்லவேண்டும். அதே மனிதனின் வீட்டம்மா மறுநாள் காலையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் கடன் கேட்டு வந்தால், பற்று ஏறிவிட்டது என்று அவளைத் திருப்பி அனுப்புவதுதான் இதில் மிகவும் கசப்பானது. இரவில் ஐம்பது வெள்ளிக்கு இருந்த நாணயம் காலையில் ஐந்து கிலோ அரிசிக்கு எங்கே போயிற்று?

இந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் கூடிப் பேசி, சம்பள நாள் மாலை ஆறு மணிக்குமேல் எவருக்கும் ரொக்கக் கைமாற்று இல்லை என்று ஒரே வார்த்தையாக நிற்கலாம். எல்லோரும் மறுத்தால் வாடிக்கை போவதற்கு வேறு கடை இராது. சாமான் கடன் வழக்கம்போல் நடக்கட்டும்.

ஒன்று மட்டும் உடனே செய்யக்கூடியது. கடை வாசலில் ஒருவன் குடித்து விழுந்து எழுப்பினாலும் எழாவிட்டால், தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றில் உள்ளது இன்னும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். வாந்தி மூச்சை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, 999க்கு அழைத்து, ஆள் வரும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்று எவராவது சொன்னால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். மெத்தனால் முதலில் பறிப்பது பார்வையைத்தான்.