கல்லின் பெயரும் சொல்லின் வாய்மையும்

கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்து சுருளியில் நீராடும் அன்பர் ஒருவர், ஆற்றுப்படுகையில் உருண்டு திரண்ட கருங்கல் ஒன்றைக் கண்டெடுக்கிறார். அதனைச் சுற்றி வெண்ணிற வளையம் ஒன்று ஓடுகிறது. “சாளக்கிராமம்!” என்று கண்களில் ஒற்றிக்கொள்கிறார் எனக் கொள்க. அவரிடம் உண்மையைக் கூறலாமா? கூறின் அது பக்திக்கு ஊறாகாதா? சிந்தித்தற்குரிய வினா இது.

முதற்கண் உண்மை யாது? சாளக்கிராமம் நேபாளத்தில், முக்திநாத் க்ஷேத்திரத்தை ஒட்டிப் பாயும் காளி கண்டகி நதியில் கிடைப்பது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தருளிய திவ்யதேசம் அது. இமயம் எழுமுன் அங்கிருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரினத்தின் சுருள் ஓடு, சேற்றில் புதைந்து கல்லாகி, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்குப் பின் சக்கரமாகத் தோற்றமளிக்கிறது என்பர் நிலவியலார். தமிழகத்தில் அரியலூர்ப் பகுதியிலும் அம்மோனைட் ஓடுகள் மிகுதி. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

தேனி மாவட்டத்து மலைகளோ வேறினம். சார்னோகைட், நைஸ் என்னும் அப்பாறைகள் பூமியின் ஆழத்தே கடும் வெப்பத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவானவை. அன்று அம்மோனைட் இனமே உலகில் தோன்றியிருக்கவில்லை. சுருள் ஓட்டின் கோடு மையம் நோக்கிக் குறுகிச் செல்லும். குறுக்கே வரிவரியான மேடுகள் இருக்கும். அன்பர் கையிலுள்ள கல்லின் வளையமோ குறுகாது கல்லைச் சுற்றி வருகிறது. உடைத்தால் உள்ளேயும் ஊடுருவி நிற்கும். அது படிகக்கல் இழையேயாம்.

“தூணிலும் துரும்பிலும் உறைபவன் இக்கல்லில் இல்லையா?” என்று கேட்கலாம். உறைகிறான், ஐயமில்லை. ஆயினும் தூணில் உளன் என்ற பிரகலாதன், தூணைத் தூண் என்றே சொன்னான். எங்கும் நிறைந்தவன் என்பது பொருள்களின் பெயரை மாற்றியுரைக்க அளிக்கப்பட்ட அனுமதி அன்று. மேலும், சாளக்கிராமத்திற்குப் பிரதிஷ்டை வேண்டுவதில்லை என்பது மரபு. மனிதன் மந்திரத்தால் ஆக்காத ஒன்றை, மனிதன் வாய்ச்சொல்லால் மட்டும் ஆக்கிவிட இயலுமோ?

“கடலுயிரின் ஓடு என்றால் மகிமை குன்றாதோ?” என்பது மற்றொரு ஐயம். வஜ்ரகீடம் என்னும் சிற்றுயிர் குடைந்ததே அச்சக்கரம் எனப் புராண மரபும் கூறும். இரண்டும் ஒன்றே என்று வாதிட வேண்டுவதில்லை. கல் எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒரு வினா. அதனை ஏன் வணங்குகிறோம் என்பது வேறு வினா. முன்னதற்குரிய விடை பின்னதை அழிக்காது.

ஆகவே அன்பரிடம் உண்மையைக் கூறுதலே தகும். ஆனால் இகழ்ச்சியின்றி, இன்சொல்லால் கூறுதல் வேண்டும். கூறாது விடின், நாளை அக்கல் விலைபேசப்பட்டு, மற்றோர் ஏழை அன்பர் ஏமாறக்கூடும். வாய்மையைத் துறந்து காக்கப்பட வேண்டிய பக்தி ஒன்று இல்லை. சுருளிக் கல் சுருளிக் கல்லாகவே இருக்கட்டும்; அதற்கும் அவனே அந்தர்யாமி.