கலங்கல்

சீடன்: ஐயா, இந்தப் படப்பை ஏரியில் ஜிலேபிக் கெண்டை எத்தனை இருக்கும்?

குரு: ஐம்பதைப் பிடி, துடுப்பில் அடையாளம் வைத்து விட்டுவிடு. நாலு நாள் கழித்து நாற்பது பிடி. அதில் ஐந்தில் அடையாளம் இருந்தால்?

சீடன்: எட்டுக்கு ஒன்று. அப்போ ஐம்பது எட்டு நானூறு.

குரு: நானூறுதான் என்று சத்தியம் செய்வாயா?

சீடன்: மாட்டேன். இடையில் மழை பெய்து, மிகைநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் கொஞ்சம் போயிருக்கும். மேல் ஏரியிலிருந்து கொஞ்சம் வந்திருக்கும். கொக்கு தின்றிருக்கும், குஞ்சும் பொரித்திருக்கும்.

குரு: பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு. ஒரு தொகை மாற ஐந்தாவது வழி கிடையாது. அதனால், எத்தனை என்று கேட்குமுன் எல்லை எது என்று கேள்.

சீடன்: எல்லைதான் தெரிகிறதே! தண்ணீருக்குக் கலங்கல் மாதிரி மீனுக்கும் ஒரு தாங்குதிறன். தாண்டினால் வழிந்துவிடும்.

குரு: அங்கேதான் சறுக்குகிறாய். கலங்கலைத் தொடும்வரை தண்ணீருக்கு நெரிசல் தெரியாது. உயிருக்கு முதலிலேயே தெரியும். மக்கள்தொகை இரட்டித்து இரட்டித்து ஓடும், சோறு பின்தங்கும் என்று 1798இல் மால்தஸ் மிரட்டினார். நெரிசல் கூடக்கூடப் பெருக்கத்தின் வேகமே தளரும் என்று 1838இல் பெல்ஜியத்து வெர்ஹுல்ஸ்ட் கணக்குப் போட்டார். ஜிலேபியைப் பார். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். இடம் நெருக்கினால் அது வளர்வதை விட்டுவிட்டு, பொடியாக இருக்கும்போதே சினை பிடிக்கிறது. வலையில் எண்ணிக்கை நிறைய, குழம்புக்கு முள்தான் மிச்சம்!

சீடன்: அப்போ கலங்கல் ஒவ்வொரு மீனின் உடம்புக்குள்ளும் இருக்கிறது.

குரு: ஏரியிலும் எல்லை நிலையில்லை. கலங்கல் கல் நகரவில்லை, அடியில் வண்டல் ஏறுகிறது. சரி, உன் அறையில் எத்தனை பேர்?

சீடன்: எட்டுப் பேர். மூன்று ஷிப்ட். நான் எழுந்த பாயில் ஒடிசாக்காரத் தம்பி படுப்பான். எங்கள் அறையில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஆள் எடுத்தால் வரவு, நிறுத்தினால் போக்கு.

குரு: அறையின் தாங்குதிறன்?

சீடன்: பாயை வைத்துச் சொன்னால் நாலு. ஷிப்டை வைத்துச் சொன்னால் எட்டு. தண்ணீரை வைத்தால்... அது லாரியில் வருகிறது, ஐயா.

குரு: எந்த ஊர்த் தண்ணீர்?

சீடன்: கேட்டதில்லை.

குரு: அப்போ உன் அறைக்கு எல்லை எங்கே போடுவாய்?