உருமாற்றமும் உயிரும்

பிழை செய்த உயிர் இழிந்த உடம்பொன்றை எய்துமாயின், அவ்விழிவே அதற்கு முடிவாமோ? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அந்தோனினுசு லிபராலிசு என்பார் கி.பி. 2 அல்லது 3-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் கிரேக்கமொழிப் புலவர். மக்கள் பறவையாகவும் விலங்காகவும் கல்லாகவும் மாறிய கதைகள் 41-ஐ அவர் உரைநடையிற் றொகுத்தார். அந்நூலுக்கு எஞ்சிய பழம்பிரதி ஒன்றே. அது செருமனி நாட்டு ஐடல்பர்க்கில் உள்ளது.

அதன்கண் ஒரு கதை: லெட்டோ என்னுந் தெய்வமகள் தான் ஈன்ற குழவிகளை நீராட்ட ஒரு சுனையை அடைந்தாள். ஆயர் தம் ஆனிரை நீருண்ணற் பொருட்டு அவளைத் துரத்தினர். பின்னர் மீண்ட அவள் அவரைத் தவளைகளாக்கிச் சுனையில் எறிந்தாள். அவர் இன்றும் நீர்நிலைகளிற் கத்துகின்றனர் என்பதோடு கதை முடிகின்றது.

இனி, பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து 64 படலங்களுள், பன்றிக்குட்டிகளின் வரலாறும் உண்டு. சுகலன் மக்கள் பன்னிருவர் குருவின் தவத்துக்கு இடையூறு செய்து, சாபத்தாற் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து, தாய்தந்தையரை இழந்தனர். சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியாய் எழுந்தருளிப் பாலூட்டினார். அவரைப் பாண்டியற்கு மந்திரிகளுமாக்கினார். முகம் பன்றிமுகமாகவே நின்றது, அறிவோ விளங்கிற்று. பிழை இரண்டிடத்தும் ஒக்கும். கதை நிற்குமிடமே வேறு.

யாம் வாழும் விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். வனைந்த பச்சைக்கலம் கோணினால் அம்மண்ணை மீளக் குழைத்து வனைவர். சூளையில் வெந்து விரிசல் கண்டதாயின் எறிந்துவிடுவர். அது மீண்டும் குழையாது. தவளையான ஆயர் வெந்த கலம் போல்வர்.

அற்றேல், குயவன் உவமை நம் சாத்திரத்தும் உண்டன்றோ எனின், உண்டு. ஆண்டு மண்ணென்றது மாயையை, திரிகை சத்தியை, குயவன் இறைவனை. உயிர் மண்ணாகக் கூறப்பட்டிலது. உடம்பே வனையப்படுவது. உயிரோ செம்மலரைச் சார்ந்த பளிங்குபோலச் சார்பின் நிறங்காட்டி, சார்பு மாறத் தானும் மாறுவது. ஆதலின் எவ்வுயிரும் வெந்து முடிந்த கலமன்று. ஒறுத்தலும் மறக்கருணையே என்பது சித்தாந்தத் துணிபு. ஒறுத்தலோடு நின்றொழிவது கருணையாகாது.

கள்ளுண்டு கெட்டானையும் சிறையினின்று மீண்டானையும் நோக்கி, "இவன் இனித் திருந்தான்" என்று யாமும் பலகாற் கூறியதுண்டு. அச்சொல், பாலூட்ட வந்த பெருமானைத் தடுத்து நிற்பதேயாம். அதனை இனிக் கூறாதொழிவோமாக.