குப்பி மட்டும் போதுமா?

பத்துமலை என்றால் நமக்கு 272 படிகள். அதே சுண்ணாம்புக் குன்றின் மற்ற பக்கங்களில் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். சிலருடைய பைகளில் சாக் தூளோடு பழுப்பு நிறக் குப்பி ஒன்றையும் பார்த்திருக்கிறேன். தியெத் தா ஜாவ். விழுந்ததற்கும் அடிபட்டதற்குமான சாராயம் என்று பொருள். குந்துருக்கம், வெள்ளைப்போளம் போன்றவற்றை மதுவில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. கையை இரும்பாக்கப் பயிலும் குங்ஃபூ மாணவர்கள் அடிக்கு முன்னும் பின்னும் தேய்த்துக்கொள்வது.

சீன மருத்துவத்தின் ‘சி’யை நம்பாதவன் இதைத் தேய்க்கலாமா? தாராளமாகத் தேய்க்கலாம். எனக்கு உறுத்துவது வேறு.

1991இல் வந்த ட்சுய் ஹார்க் படத்தில் ஜெட் லீ நடித்த வோங் ஃபெய் ஹுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நிஜ வாழ்க்கையிலும் அவர் ஹுங் கா ஆசான், எலும்பு முறிவு வைத்தியர். அடிக்கக் கற்றுக்கொடுத்த கைதான் கட்டும் போட்டது. நம் வர்ம ஆசானும் அப்படித்தானே, அடியும் தெரியும் இளக்குமுறையும் தெரியும். அந்த மருந்து, “இன்னைக்கு அடிக்காதே” என்று சொல்லக்கூடிய ஒருவரின் கையிலிருந்து வந்தது. (அந்தக் கை செய்த அதிகாரமும் கொஞ்சமல்ல. மாணவனுக்குச் சொல்லாமலே செத்துப்போன மருந்துக் குறிப்புகள் எத்தனையோ.)

பாறை ஏறுகிறவருக்கு அந்தத் தடைச்சொல்தான் தேவை. விரலின் அடிக்கணுவில் தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையம் உண்டு; ஏ2 புல்லி என்பார்கள். தசை சில வாரங்களில் பலம் பெறும். இந்த வளையங்கள் மெதுவாகத்தான் பழகும். கைக்குத் தெம்பு வந்துவிட்டதென்று நம்பித் தொங்கும் நாளில் டப்பென்று அறுந்துபோகும். மாணவனை மாதக்கணக்கில் குதிரை நிலையில் நிற்கவைத்த ஆசானுக்கு இந்த உடற்கூறு தெரிந்திருக்காது. ஆனால் காத்திருக்க வைக்கத் தெரிந்திருந்தது. காத்திருப்பைக் கழித்துவிட்டுத் தைலத்தை மட்டும் எடுத்தால், அது வலியை அடக்கி மறுபடி ஏறுவதற்கான பெர்மிட் ஆகிவிடுகிறது.

நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு மோதிர விரல் வீங்கியிருந்தது. சிரித்தான்.

“அந்தக் கடை சிங்சே அங்கள் விரலை அமுக்கிப் பாத்துட்டு, ஒரு மாசம் ஏறாதேன்னாருடா. மருந்தும் தரல.”

“அப்புறம்?”

“பக்கத்து லாட்டுல இன்னொரு கடை இருக்கு. அங்க விரலைப் பாக்கவே இல்ல.”