மறைப்பதெல்லாம் குற்றமா?

"ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் சற்று ஆராய்தல் நன்று.

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனம், ஏறத்தாழ 650,000 பேர் இணையத்தில் தேடியவற்றை ஆய்வாளருக்கென வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஆளுக்கோர் எண் மாத்திரமே இட்டிருந்தது. எனினும் சில நாட்களுக்குள் நியூயோர்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியைக் கண்டுபிடித்துவிட்டனர். அவருடைய தேடல்களில் நோய்கள் பல இருந்தன. பார்த்தவர்கள் அவரைப் பெரும் நோயாளியென்றே எண்ணியிருப்பர். உண்மையில் அவர், கலங்கியிருந்த நண்பர்களைத் தேற்றுவதற்காகவே அவற்றைத் தேடினார்! அன்பினால் செய்த காரியம் ஏட்டிலே நோயாக நின்றது.

தேடலைச் சங்கேதமாக்கி அனுப்புவது வழியிலே பிறர் பார்ப்பதைத் தடுக்கும். ஆனால், உறையிலிட்ட கடிதத்தையும் பெறுபவர் பிரதியெடுத்து வைக்கலாமன்றோ? ஆகவேதான் டக்டக்கோ, ஸ்டார்ட்பேஜ் போன்ற தேடற்பொறிகள், இன்னார் இதைத் தேடினார் எனப் பதிந்து வைப்பதில்லையென உறுதி கூறுகின்றன.

ஒருவர் கேட்ட கேள்விகளைக் கோத்து அவரை அளப்பது எளிது. அவர் ஏன் கேட்டார் என்பதை அறிவது அரிது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கும், தவறாக எடைபோடப்படாதிருக்கும் உரிமை உண்டு.