பூட்டு யாரைக் காப்பாத்துது?



தன்னைத் தானே பார்த்துக்க முடியாத ஒருத்தரை, அவங்க நல்லதுக்குன்னு சொல்லிக் கட்டிப்போடலாமா? கேட்டதும் "கூடாது"ன்னுதான் சொல்வோம். ஆனா நம்ம வீட்டுலயே மனநலம் பாதிச்ச அண்ணனோ, மறதி நோய் வந்த தாத்தாவோ இருந்தா, பதில் அவ்வளவு சுலபமா வராது.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். தர்காவுக்குப் போனால் குணமாகும் என்று நம்பித்தான் குடும்பங்கள் நோயாளிகளை அந்த ஊருக்குக் கூட்டி வந்தன. ஓடிப்போயிடக் கூடாதேன்னு போட்ட சங்கிலி, நெருப்புல இருந்து தப்பிக்கவும் விடல.

தீயே பிடிக்கலன்னு வைங்க. அப்பவும் கட்டிக் கிடக்கிறவரை ஒருத்தர் அடிச்சாலோ, பட்டினி போட்டாலோ, அவர் யார்கிட்ட போய்ச் சொல்வார்? சுதந்திரத்தை முழுசா எடுத்துட்டா பாதுகாப்பும் அது கூடவே போயிடுது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையையும் காரணமாகச் சொல்ல முடியாது. சாப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு இது டக்குனு புரியும். ஒருத்தருக்குப் பெரிய அதிகாரம் கொடுத்தா யார் கொடுத்தது, எதுக்கு, எப்ப முடியுதுன்னு பதிவு இருக்கணும். ஒரு ஆளோட வாழ்க்கை மேல எடுத்துக்கிற அதிகாரத்துக்கு அதைவிடக் குறைச்சலாவா கணக்கு இருக்கணும்?

இன்னொண்ணும் அந்தச் சட்டத்துல இருக்கு. ஒருவர் எடுக்கிற முடிவு நமக்குத் தப்பாத் தெரியுதுங்கிறதாலயே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லன்னு சொல்லிட முடியாது.

எங்க அபார்ட்மென்ட்ல மறதி நோய் உள்ள ஒரு தாத்தா இருக்கார். வழி தெரியாமப் போயிடுவாரோன்னு பயந்து, மகன் வெளியே பூட்டிட்டு வேலைக்குப் போவார். பயம் நியாயமானதுதான். ஒருநாள் அவர்கிட்டயே "உங்களுக்கு என்ன வேணும் தாத்தா?"ன்னு கேட்டோம். சாயங்காலம் டீக்கடை வரைக்கும் நடக்கணும்னார். இப்ப அவர் சட்டைப்பையில போன் நம்பர் எழுதின அட்டை இருக்கு, வாட்ச்மேனுக்கு விஷயம் தெரியும், பகல்ல துணைக்கு ஒரு ஆள் வர்றாங்க. ஆபத்து முழுசாப் போயிடல. ஆனா தினமும் நாலு பேர் அவரைப் பார்க்கிறாங்க.

துணைக்கு ஆள் வைக்க எல்லா வீட்டுலயும் காசு இருக்காதுங்கிறதும் உண்மை. அந்தக் குடும்பத்தைத் திட்டுறதுக்கு முன்னாடி, வாரத்துல ஒரு மணி நேரம் நாம போய் உட்காரலாம்.

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டுமே இலவசம். தேவைப்படுறவங்களுக்கு அனுப்பி வைங்க.