மன்னிப்பு யாருடையது?



சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியால் கொடிகாமம் தாண்டினால் மிருசுவில். 2000ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள், கிறிஸ்மஸுக்கு ஆறு நாள் இருக்க, இடம்பெயர்ந்திருந்த சிலர் தங்கள் வீடுவளவைப் பார்த்துவரப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டு மலக்குழியில் போடப்பட்டனர். ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். காயத்தோடு தப்பிய ஒருவர் வாய்திறந்ததால் உண்மை வெளிவந்தது. ஆபேலின் இரத்தம் இப்படித்தான் கூப்பிட்டது போலும்!

2015இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பொதுமன்னிப்பு அளிக்க, அவர் வீடு சென்றார்.

"மன்னிக்கச் சொல்லித்தானே சுவாமி, நீங்களும் படிப்பிக்கிறியள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தூக்குக் கயிற்றை நாம் கேட்கவில்லை. 1976க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. திருச்சபையும் 2018இல் மரணதண்டனையை முற்றாக மறுத்துவிட்டது. ஆனால் ஆயுட்சிறையாகக் குறைப்பது வேறு, கதவைத் திறந்துவிடுவது வேறு. பாவசங்கீர்த்தனத்தில்கூட மனஸ்தாபமும் பரிகாரமும் கேட்கிறோமே! ஜனாதிபதியின் பேனா தண்டனையை அழிக்கலாம்; அந்தச் சிறுவனின் உறவினர் தரவேண்டிய மன்னிப்பை அது எடுத்துக் கொடுக்க முடியாது.

பொலிசில் சேர நற்சான்றுப் பத்திரம் கேட்டு நம் பிள்ளைகள் வருகிறார்கள். கையொப்பம் வைக்குமுன் மிருசுவிலைப் பற்றிக் கேட்பேன். பலருக்குத் தெரிவதில்லை. இருத்திவைத்துச் சொல்லியே அனுப்புகிறேன்.